கண்ணு முன்னாடி எப்பவும் புள்ளி பொரியுது, தியானம் பண்ணா போயிடுமா?

கேள்வி: மேடம், எனக்கு 27 வயசு, திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். நெல் கொள்முதல் நிலையத்துல பில் கிளார்க்கா சீசன் வேலை பாக்குறேன். ரெண்டு வருஷமா கண்ணு முன்னாடி பூரா சின்னச் சின்ன புள்ளி ஓடிக்கிட்டே இருக்கு, பழைய டிவில சேனல் வராதப்ப பொரியுமே, அந்த மாதிரி. கண்ண மூடினாலும் தெரியுது. லைட்ட பாத்துட்டு திரும்பினா அதோட நெழல் கூடவே வருது, ராத்திரில ரொம்ப கஷ்டம், காதுலயும் கொய்ங்னு ஒரு சத்தம். கண்ணாஸ்பத்திரில எல்லா டெஸ்ட்டும் நார்மல், எம்ஆர்ஐயும் நார்மல். நியூராலஜிஸ்ட் 'விஷுவல் ஸ்னோ'ன்னு சீட்டுல எழுதி, மருந்து பெருசா இல்லப்பா, மைண்ட்ஃபுல்னெஸ் தெரபி பாருன்னு அனுப்பிட்டாரு. அப்ப இது மனசு வியாதியா? அம்மா, யாரோ ஏதோ செஞ்சு வச்சிட்டாங்கன்னு சொல்றாங்க. பிரெண்டு ஒருத்தன் 10 நாள் மௌன தியான கேம்ப் போ, எல்லாம் போயிடும்ங்கறான். போகவா? இப்படியே காலம் பூரா இருக்கணும்னா எதுக்குன்னு சில சமயம் தோணுது.

பதில்: தம்பி, உங்க லெட்டரோட கடைசி வரியத்தான் முதல்ல எடுத்துக்கப் போறேன், ஏன்னா அத நீங்க போறபோக்குல சொல்ற மாதிரி எழுதிட்டு முடிச்சிட்டீங்க, எங்க தொழில்ல அப்படி போறபோக்குல வர்ற வரிதான் பல நேரம் லெட்டரே. 'எதுக்கு'ன்னு தோணுறது வெறும் அலுப்பா, இல்ல செத்துடலாம்ங்கற வரைக்கும் போகுதா? நேராவே கேக்குறேன், கேக்குறதால யாருக்கும் அந்த யோசனை புதுசா வந்துடாது. அந்த வரைக்கும் போகுதுன்னா இத படிக்கறத இங்கயே நிறுத்திட்டு 14416-க்கு போன் போடுங்க, டெலிமானஸ், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. வீட்டுல ஒரு ஆள்கிட்டயாவது வாய விட்டு சொல்லிடுங்க. அலுப்புதான்னா சரி, உக்காருங்க, பேசுவோம்.

மனசு வியாதியான்னு கேட்டிருக்கீங்க. இல்ல. சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்புனதால அப்படித் தோணுது, ஆனா சுகர்காரர டயட்டீஷியன்கிட்ட அனுப்புனா சுகர் சமையக்கட்டுல இருக்குன்னா அர்த்தம்? மனநோய்ல வர்ற தோற்றம் வேற மாதிரி, அங்க பல பேரு தெரியுறது வெளில நெசமாவே இருக்குன்னு நம்புவாங்க. நீங்க முதல் ரெண்டு வரிக்குள்ளயே டிவி பொரியுற மாதிரின்னு எழுதிட்டீங்க, அதாவது வெளில புள்ளி எதுவும் இல்ல, நம்ம பாக்குறதுலதான் ஏதோன்னு உங்களுக்கே தெளிவா தெரியுது. அந்தத் தெளிவு இருக்குல்ல, அது போதும்.

இதுக்கு விஷுவல் ஸ்னோ சிண்ட்ரோம்னு பேரு. 1995-ல மைக்ரேன் தலைவலிக்காரங்கள வச்சு இத பத்தி ஒரு பேப்பர் வந்துச்சு, அப்பறம் ரொம்ப நாள் டாக்டருங்களே இத மைக்ரேன்லயோ போதைலயோ டென்ஷன்லயோ சேத்துப் போட்டுட்டு அனுப்பிட்டாங்க. 2014-லதான் ஷான்கின், கோட்ஸ்பின்னு நரம்பு டாக்டருங்கல்லாம் சேந்து இது தனி விஷயம்னு வரையறை எழுதினாங்க: பார்வை முழுக்க புள்ளி மூணு மாசத்துக்கு மேல விடாம இருக்கணும், கூட வெளிச்சம் கூசுறது, ராத்திரி பார்வை மந்தம், பாத்த பொருளோட நெழல் தங்குறது, கண்ணுக்குள்ள பூச்சி பறக்குறது ஒளி மினுங்குறது, இந்த நாலுல ரெண்டாவது இருக்கணும், வேற வியாதி எதாலயும் வந்ததா இருக்கக்கூடாது. காது இரைச்சலும் நெறய பேருக்கு கூடவே வரும், அதனால கொய்ங் சத்தத்த தனி வியாதின்னு நினைச்சு தனியா பயப்பட வேணாம். பிரிட்டன்ல 2020-ல வந்த ஒரு சர்வேல நூத்துக்கு ரெண்டு பேருக்கு இது இருந்துச்சு. உங்க ஊர் பஸ் ஒண்ணு கூட்டமா வந்தா அதுல உங்கள மாதிரி இன்னொரு ஆள் நின்னுக்கிட்டிருக்கலாம், அவரு எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்போலன்னு நினைச்சுக்கிட்டு டிக்கெட் வாங்கிட்டிருப்பாரு. நெசமாத்தான், சின்னதுல இருந்தே இருக்கறவங்க அப்படித்தான் நினைப்பாங்க.

கண்ணும் நார்மல் ஸ்கேனும் நார்மல்னா கோளாறு எங்கதான் இருக்குன்னு கேப்பீங்க. கல்லணைய நினைச்சுக்கங்க. மேட்டூர்ல இருந்து வர்ற தண்ணி அங்க வந்துதான் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம்னு பிரியுது, எதுக்கு எவ்வளவு விடணும், எத அடைக்கணும்னு ஷட்டர்தான் முடிவு பண்ணுது. மூளைக்கு நடுவுல தலாமஸ்னு ஒரு இடம் அந்த வேலைய செய்யுது, கண்ணு காது தோல்னு எங்க இருந்து சேதி வந்தாலும் அத தாண்டித்தான் மேல போகணும் (மூக்கு மட்டும் தனி வழி). கண்ணுல இருந்து எப்பவுமே கொஞ்சம் குப்பை சிக்னல் வரும், எல்லாருக்கும் வரும், அத மடையிலயே நிறுத்திடறதாலதான் நமக்குத் தெரியறதில்ல. உங்களுக்கு ஷட்டர் முழுசா இறங்கல, அடில கசியுது, கடைமடைல இருக்குற வயல் அந்த கசிவப் பாத்துட்டு ஆத்துல தண்ணி வந்துடுச்சுன்னு நினைச்சுக்குது. அந்த வயல்தான் பிடரிப் பக்கம் இருக்குற பார்வைப் பகுதி, அங்க ஒரு எடத்துல இந்த ஆளுங்களுக்கு மூளை வழக்கத்த விட அதிகமா வேலை செய்யுதுன்னு 2014-லயே பெட் (PET) ஸ்கேன்ல, அதாவது மூளைல எந்த எடம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டுற ஸ்கேன்ல பாத்திருக்காங்க. இதான் முழு காரணம்னு இன்னும் யாரும் முடிச்சு வைக்கல, ஆனா இப்போதைக்கு இருக்கறதுல இந்த விளக்கம்தான் வலுவா இருக்கு. ஆஸ்பத்திரில எடுக்குற எம்ஆர்ஐ மதகு உடைஞ்சிருக்கா, கரை சரிஞ்சிருக்கான்னு பாக்குற போட்டோ, கசிவு அதுல விழாது. நார்மல்னா உங்க பேச்சு பொய்னு அர்த்தமில்ல.

இதனால கண்ணு போகாது, இது வளந்துக்கிட்டே போயி குருடாக்குற ஜாதி கிடையாது. ஆனா இத படிக்கிற மத்தவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். திடீர்னு ஒரு கண்ணுல மட்டும் மின்னல் வெட்டி கரும்புள்ளி கொட்டுச்சுன்னாலோ, ஓரத்துல திரை விழுந்த மாதிரி மறைச்சாலோ அன்னைக்கே கண் டாக்டர், நாளைக்குன்னு தள்ளாதீங்க, விழித்திரை கழண்டுக்கிட்டிருக்கலாம். புள்ளியோட சேந்து காலைல தலைவலி, வாந்தி, ரெண்டு ரெண்டா தெரியுறது இருந்தாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும். அத்த பொண்ணு மாமா பொண்ணுன்னு சொந்தத்துலயே கட்டுன குடும்பத்துல ராத்திரி பார்வை வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சா விழித்திரைய தனியா செக் பண்ணணும், அது பரம்பரையா வர்ற வேற வியாதி. தம்பி, கண்ணாஸ்பத்திரில எல்லா டெஸ்ட்டும் நார்மல்னு நீங்க சொல்றதால அத விட்டுடறேன்.

இப்ப தெரபிக்கு வர்றேன். மைண்ட்ஃபுல்னெஸ்னா மனச காலி பண்றதுன்னு உங்க பிரெண்டு நினைச்சிருக்காரு, பாதி ஊரு அப்படித்தான் நினைக்குது. மனசு காலி ஆகாது, அது அதோட வேலையும் இல்ல. கவனம் எங்க நிக்குதுன்னு பாக்குறது, அத ஓங்கி அடிக்காம பிடிச்சு இழுக்காம வேற எடத்துக்கு நகத்திப் பழகுறது, அவ்வளவுதான் விஷயம். 1979-ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் யுனிவர்சிட்டில ஜான் கபாட் ஸின், தீராத வலிக்காரங்களுக்கு ஒரு பயிற்சியா ஆரம்பிச்சாரு, அத ஸீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் மூணு பேரு மனச்சோர்வு திரும்பத் திரும்ப வர்றவங்களுக்காக மாத்தி அமைச்சாங்க, அதுதான் மைண்ட்ஃபுல்னெஸ் பேஸ்டு காக்னிட்டிவ் தெரபி, சுருக்கமா எம்பிசிடி. சரக்கு நம்ம பக்கத்து சரக்குதான், புத்தர்கிட்ட இருந்து எடுத்தது. நாகப்பட்டினத்துல ஸ்ரீவிஜய ராஜா கட்டுன சூடாமணி விகாரம்ங்கற புத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரையே எழுதி வச்சான், அப்ப அங்க மூச்ச பாத்துக்கிட்டு உக்காந்திருந்தவங்க பேரன் ஊருக்கே இப்ப இது லண்டன் வழியா சுத்தி வருது, சரி போகட்டும்.

லண்டன்னு ஏன் சொன்னேன்னா, உங்க டாக்டர் சும்மா கை கழுவல, அவரு சொன்னதுக்குப் பின்னாடி ஒரு ஆராய்ச்சி இருக்கு. அங்க விஷுவல் ஸ்னோ இருக்குற 21 பேருக்கு 8 வாரம் எம்பிசிடி குடுத்துப் பாத்தாங்க, புள்ளி எவ்வளவு இருக்கு, பொழப்ப எவ்வளவு கெடுக்குதுன்னு பத்துக்கு மார்க் போடச் சொன்னாங்க, ரெண்டுமே குறைஞ்சது, 20-ஆவது வாரம் கேட்டப்பவும் குறைஞ்சுதான் இருந்துச்சு. மூளை ஸ்கேன்லயும் பார்வை சம்பந்தப்பட்ட பகுதிங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற விதம் மாறியிருந்துச்சு. ஆனா உங்க தராசுலயே நிறுத்துச் சொல்றேன், 21 பேருங்கறது சின்ன நம்பர், பயிற்சி குடுக்காத இன்னொரு குரூப்ப வச்சு ஒப்பிட்டுப் பாக்கல, அதனால எவ்வளவு தெரபியால, எவ்வளவு நம்பிக்கையாலன்னு பிரிக்க முடியாது. யாருக்கும் சுவிட்ச் ஆஃப் பண்ண மாதிரி புள்ளி போச்சுன்னு அவங்களே சொல்லல. உங்களுக்கும் நான் அந்த வாக்கு குடுக்க மாட்டேன். குடுக்குறவன் யாரா இருந்தாலும் பர்ஸ கெட்டியா பிடிச்சுக்கங்க.

அப்ப எதுதான் குறையுது? என் கதைய சொல்றேன். எனக்கு 7 வருஷமா காதுல சில்வண்டு கத்துற சத்தம், நிக்காது. ஆரம்பத்துல ராத்திரி ஃபேன நிறுத்திட்டு இருக்கா இருக்கான்னு கேப்பேன், இருக்கும், தூக்கம் போயிடும். அந்த வருஷம் ஐப்பசி மழைல எங்க வீட்டுப் பின்னாடி வாய்க்கா ரொம்பி தவளை கத்துச்சு பாருங்க, ஊரே அலறுற மாதிரி, அன்னைக்கு நல்லா தூங்கினேன். காலைல எந்திரிச்சதும் யோசிச்சேன், என் காது சத்தம் நேத்து ராத்திரி எங்க போச்சு? எங்கயும் போகல, நான் அத கேக்கப் போகல. ஃபேன நிறுத்தி நிறுத்தி நானே அதுக்கு ஆள் அனுப்பி கூப்பிட்டுக்கிட்டிருந்திருக்கேன். சைக்காலஜி படிச்ச எனக்கே தவளைதான் சொல்லிக் குடுக்க வேண்டியிருந்துச்சு. இப்பவும் சத்தம் இருக்கு, இத எழுதறப்ப அத பத்தி நினைச்சதால இப்ப கேக்குது, காபி குடிக்கப் போனா மறந்துடும்.

நீங்களும் ஃபேன நிறுத்துறீங்க தம்பி. லெட்டர்ல எழுதல, ஆனா இது இருக்குற பல பேரு செய்யறதுதான்: காலைல கண்ணு முழிச்சதும் வெள்ளச் செவுத்த பாத்து இருக்கான்னு செக் பண்றது, வானத்த பாத்து செக் பண்றது, பில்லு புக்குல வெள்ளப் பக்கத்த பாத்து நேத்த விட ஜாஸ்தியான்னு பாக்குறது, ராத்திரி போன்ல விஷுவல் ஸ்னோன்னு தேடுறது. (வானத்த பத்தி ஒண்ணு, மேகமில்லாத நீல வானத்த உத்துப் பாத்தா மினுமினுன்னு வளைஞ்சு வளைஞ்சு ஓடுமே, அது எல்லாருக்கும் உண்டு, விழித்திரை ரத்தக்குழாய்ல போற வெள்ளணுக்கள் அது, உங்களுக்கு தூக்கலா தெரியும், அவ்வளவுதான். உங்க பக்கம் மரம் மட்டை இல்லாம பார்வை எட்டுற தூரத்துக்கு வயலும் வானமுமா இருக்கும், பாவம், செக் பண்ண வசதியான ஊரு.) ஒவ்வொரு தடவ செக் பண்றப்பவும் மூளைக்கு இது முக்கியமான சேதி, அடைச்சிடாதேன்னு உத்தரவு போகுது, ஷட்டர் இன்னும் கொஞ்சம் மேல ஏறுது.

அதனால முதல் வாரம் தியானமே வேணாம், மூட்டை எண்ணுங்க. சின்ன நோட்டு ஒண்ணு சட்டப் பைல, புள்ளி இருக்கான்னு நீங்களா போயி பாத்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு, நாலு கோடு போட்டா குறுக்க ஒண்ணு, நீங்க தினம் செய்யறதுதான். குறைக்க முயற்சி பண்ணாதீங்க, திட்டிக்காதீங்க, எண்ணுங்க. தானா கண்ணுல பட்டது கணக்குல வராது, நீங்க தேடிப் போனது மட்டும். சாயங்காலம் கூட்டிப் பாருங்க. பெரும்பாலானவங்களுக்கு அந்த நம்பர பாத்துதான் முதல் அதிர்ச்சி.

ரெண்டாவது வாரம் மூணு நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு தடவ. கண்ண மூடிக்கிட்டு மூச்ச கவனின்னு யூடியூப்ல சொல்றத உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், இருட்டுல புள்ளி இன்னும் பளிச்னு தெரிஞ்சு சில பேருக்கு தியானமே பயமாயிடுது. கண்ணு திறந்தே இருக்கட்டும், தரைய பாத்தாப்ல லேசா. காலைல லாரி வர்றதுக்கு முன்னாடி களத்துல செருப்ப கழட்டிட்டு நில்லுங்க. உள்ளங்கால்ல என்ன இருக்கு? சிமெண்டு குளுந்திருக்கா, நேத்து சிந்துன நெல்லு ஒண்ணு ரெண்டு குத்துதா, குதிகால்ல கனம் ஜாஸ்தியா விரல்லயா, எடது கால் வலது கால் வித்தியாசம் இருக்கா? ஈரப்பதம் பாக்குற மிஷின்ல நெல்ல போட்டுட்டு நம்பர் நிக்கிற வரைக்கும் பொறுமையா பாப்பீங்கள்ல, 17-க்கு மேல போயிடக்கூடாதுன்னு விவசாயி உங்க மூஞ்சயே பாத்துக்கிட்டு நிப்பாரு, நீங்க மிஷின திட்டவா செய்வீங்க, வர்ற நம்பர படிப்பீங்க. கால அப்படி படிங்க. நடுவுல புள்ளி வரும், கண்டிப்பா வரும், 'ம், புள்ளி'ன்னு மனசுக்குள்ள ஒரு வார்த்தை, திரும்ப கால். நூறு தடவ போனா நூறு தடவ கூட்டிட்டு வர்றது, அந்த கூட்டிட்டு வர்றதுதான் பயிற்சியே, புள்ளி வந்ததால பயிற்சி கெட்டுப்போச்சுன்னு இல்ல.

அப்பறம் சத்தத்துக்குப் போங்க, கோணி ஊசி சாக்குல இறங்கி சணல் இழுபடுற சர்ர்னு ஒரு சத்தம், லோடுமேன் மூட்டைய தலைல ஏத்துறப்ப விடுற மூச்சு, தூத்துற மிஷின். அதுக்கப்பறம்தான், நாலஞ்சு வாரம் கழிச்சு, தெரபிஸ்ட் பக்கத்துல இருக்கறப்ப, புள்ளியவே பாக்குறது: ஓட விட்டு, நல்லதுன்னும் கெட்டதுன்னும் சொல்லாம, வாய்க்கா ஓரம் உக்காந்து தண்ணி போறத பாக்குற மாதிரி. அத மட்டும் நீங்களா முதல் நாளே ஆரம்பிச்சிடாதீங்க, உங்க நெலமைல அது செக் பண்றதா மாறிடும்.

10 நாள் கேம்ப் இப்ப வேணாம். கேம்ப் மோசம்னு சொல்லல, நான் ரெண்டு தடவ போயிருக்கேன், ஆனா ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் கண்ண மூடி, பேச்சில்லாம, போன் இல்லாம உக்கார்ற எடம் அது, ஏற்கனவே எதுக்குன்னு தோணுற ஆளுக்கும், நானே எனக்கு அந்நியமா இருக்கேன்னு ஒரு மரத்த உணர்வு இருக்குற ஆளுக்கும் (விஷுவல் ஸ்னோல அது சகஜம், உங்களுக்கு இருக்கான்னு பாத்துக்கங்க) அது முதல் படி இல்ல. நீச்சல் பழக ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஆத்துல குதிக்க வேணாம். திருவாரூர், தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, உங்களுக்குப் பக்கம், போயி இந்த மாதிரி பயிற்சி குடுக்கத் தெரிஞ்ச சைக்காலஜிஸ்ட் இருக்காங்களான்னு கேளுங்க. அவங்களுக்கு விஷுவல் ஸ்னோ தெரியலன்னா கோச்சுக்காதீங்க, காது இரைச்சலுக்கு செய்யற மாதிரியே செய்யுங்கன்னு சொன்னா பிடிச்சுக்குவாங்க. மனச்சோர்வு எவ்வளவுன்னும் அங்கயே பாத்துடலாம், அதுக்கு மாத்திர வேணும்னா புள்ளிய பத்தி டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க, மனச்சோர்வு மாத்திர சிலதால புள்ளி கூடுதுன்னு சில பேரு சொல்றது உண்டு, பாத்து மாத்திக் குடுப்பாங்க. லாமோட்ரிஜின்னு ஒரு மாத்திரய நெட்ல பாத்திருப்பீங்க, சில பேருக்கு கொஞ்சம் கேக்குது, பல பேருக்கு கேக்கல, தோல்ல ஆபத்தான தடிப்பு வர வாய்ப்பு இருக்கு, மெடிக்கல் ஷாப்ல நீங்களா கேட்டு வாங்காதீங்க. கஞ்சா பக்கம் போகவே கூடாது, பிரெண்டு தூக்கம் வரும்னு குடுத்தாலும்.

சில்லறை விஷயம் கொஞ்சம். கூசுதுன்னு வீட்டுக்குள்ளயும் கருப்புக் கண்ணாடி போடாதீங்க, கண்ணு இருட்டுக்குப் பழகி வெளிச்சம் இன்னும் கூசும், வெயில்ல மட்டும் போடுங்க. கம்ப்யூட்டர்ல பில் போடறப்ப வெள்ள பேக்ரவுண்ட மங்கலாக்கிக்கலாம். ராத்திரி ஆத்தங்கரை ரோட்டுல பைக் ஓட்டாதீங்க, எதிர்ல வர்ற லாரி லைட்டு உங்க கண்ணுல தங்குற அந்த ரெண்டு செகண்ட் போதும், அந்த ரோட்டுல தடுப்புச் செவுரும் கிடையாது. சீசன் நேரத்துல ராத்திரி முழுக்க மூட்டைக்கு காவல் இருந்துட்டு மறுநாள் புள்ளி ஜாஸ்தியா இருக்குன்னா அது வியாதி முத்துறது இல்ல, தூக்கம் இல்லாதது.

அம்மா விஷயம். அவங்களோட சண்டை போடாதீங்க. கூட ஒருத்தர் இருந்து பாத்தாத்தான் தெரியும், புள்ள கண்ணு தெரியலங்கறான், ஆஸ்பத்திரி ஒண்ணுமில்லங்குது, அவங்க வேற என்னதான் நினைப்பாங்க. மந்திரிக்கிறவன்கிட்ட ஆயிரக்கணக்குல குடுக்க வேணாம்னு மட்டும் உறுதியா நில்லுங்க. திருவாரூர் போகணும்னாங்கன்னா கூட்டிட்டுப் போங்க, ரெண்டு கண்ணும் போன சுந்தரர் காஞ்சியில ஒண்ணு வாங்கி, மத்தத திருவாரூர்ல சாமியோட சண்டை போட்டு வாங்குனாருன்னு சொல்வாங்க. சாமி கும்பிட்டுட்டு அப்படியே அம்மாவையும் கூட்டிக்கிட்டு மெடிக்கல் காலேஜுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க, ஒரே பஸ் செலவு.

குறுவைக் கொள்முதல் முடியப் போகுது, சம்பா நெல்லு வர்ற வரைக்கும் உங்களுக்கு எட்டு வாரத்துக்கு மேலயே கெடைக்கும், அத விட்டா மாசி வரைக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. முதல் வாரக் கணக்கு எவ்வளவுன்னு எனக்கு எழுதுங்க. நம்பர் பெருசா இருந்தா வெக்கப்படாம அப்படியே எழுதுங்க.